பேவ்மென்ட் மாதிரி ஒரு இ.பி.: எதிலிருந்து கேட்பது, நாலு மைக்கில் எப்படிப் பிடிப்பது?

பாலக்கோடு_ட்வாங் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது நாலு பேர் பேண்ட். ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். தமிழ் வரிகள், சொந்த மெட்டு. அஞ்சு பாட்டு தயாராக இருக்கிறது, இ.பி.யாக (ஆல்பத்தை விடச் சிறிய தொகுப்பாக) வெளியிட எண்ணம். தர்மபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே ஒரு மாடி அறை கிடைத்திருக்கிறது: 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி, கிரானைட் தரை, காங்கிரீட் கூரை. அதை ஒட்டி மாடிப்படி அறை.

கையில் இருப்பவை: 4 இன்புட் இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), லேப்டாப், எஸ்எம்57 மைக் இரண்டு, பென்சில் கன்டென்சர் மைக் ஒரு ஜோடி, கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு) ஒரு மைக்.

நாங்கள் விரும்புவது அமெரிக்க ராக் பேண்டான பேவ்மென்டின் ஆரம்ப காலத்துச் சத்தம். 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்' ஆல்பம் மட்டும்தான் முழுதாகக் கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் எதை, எந்த வரிசையில் கேட்பது? அதெல்லாம் நாலு டிராக் கேசட் மெஷினில் எடுத்தது என்கிறார்களே, அப்படியானால் பெங்களூரில் பழைய மெஷின் ஒன்று தேடலாமா? இல்லை, இருக்கிற சாமானை வைத்தே முடியுமா?

---

மூணாவது_சைடு எழுதியது:

முதலில் நாலு டிராக் விஷயம். பேவ்மென்ட் படுக்கையறையில் கேசட் மெஷினை வைத்துக்கொண்டு தொடங்கிய பேண்ட் இல்லை. முதல் இ.பி.யே ஒரு ஸ்டுடியோவில் எடுத்ததுதான். வீட்டு ஸ்டுடியோ என்றாலும் ஸ்டுடியோ.

பேண்ட் தோன்றியது கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில், 1989இல். சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, உள்நாட்டு விவசாயப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். நமக்குப் பெங்களூர் எப்படியோ அவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோ அப்படி. ஸ்டீபன் மால்க்மஸ், ஸ்காட் கான்பெர்க் என்ற இரண்டு கிட்டார்க்காரர்கள். அதே ஊரில் கேரி யங் என்று அவர்களைவிடப் பல வயது மூத்த ஒருவர், வீட்டிலேயே 'லவுடர் தேன் யூ திங்க்' என்ற ஸ்டுடியோ வைத்திருந்தார். 1989 ஜனவரி 17 அன்று அங்கே போய், சுமார் நாலு மணி நேரத்தில் அஞ்சு பாட்டை முடித்துவிட்டார்கள். டிரம்ஸ் வாசித்தவரும் கேரி யங்தான், ஒலிப்பதிவு செய்தவரும் அவரேதான். செலவு 800 டாலர். அதுவே 'ஸ்லே டிராக்ஸ்: 1933–1969', 7 அங்குல ரெக்கார்டு, 1,000 பிரதி, 'டிரெபிள் கிக்கர்' என்ற சொந்த லேபிள். பதிவு முடிந்ததும் மால்க்மஸ் வெளிநாட்டுப் பயணம் போய்விட்டார். அச்சடிப்பது, சிறு பத்திரிகைகளுக்கும் கடைகளுக்கும் தபாலில் அனுப்புவது எல்லாம் கான்பெர்க் தலையில். அதில் இருந்த 'பாக்ஸ் எல்டர்' பாட்டை இங்கிலாந்தின் வெட்டிங் பிரசென்ட் பேண்ட் 1990இல் எடுத்துப் பாடியது. ஆயிரம் பிரதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

நீங்கள் விரும்பும் 'கரகரப்பு' எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே கவனியுங்கள். மட்டமான கருவியால் வந்தது அல்ல. நேரம் குறைவு, ஒத்திகை குறைவு, டிரம்ஸ்காரர் பாட்டையே அன்றைக்குத்தான் கேட்கிறார், நிலையான பேஸ் வாசிப்பாளர் பேண்டில் இல்லை, கிட்டாருக்கு நடுவே வேண்டுமென்றே இரைச்சலைச் சேர்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு 'லோ-ஃபை' பிளகினை (சத்தத்தை வேண்டுமென்றே மட்டமாக்கும் மென்பொருளை) போட்டால் மிஞ்சுவது வெறும் மங்கல்தான்.

அடுத்து சிகாகோவின் டிராக் சிட்டி லேபிளில் வந்தவை: 'டெமொலிஷன் பிளாட் ஜே-7' (1990), 10 அங்குலத்தில் 'பெர்ஃபெக்ட் சவுண்ட் ஃபாரெவர்' (1991), அதே ஆண்டு 'சம்மர் பேப்' சிங்கிள். இவற்றைத் தனித்தனியாகத் தேட வேண்டாம். 1993இல் வந்த 'வெஸ்டிங்' தொகுப்பில் எல்லாம் இருக்கிறது. உங்கள் வேலைக்கு மிக முக்கியமான தட்டு அதுதான். வரிசையாகக் கேட்டால் இரண்டு ஆண்டில் டிரம்ஸ் எப்படி முன்னுக்கு வருகிறது, குரல் எப்படி இரைச்சலுக்குள்ளிருந்து மேலே ஏறுகிறது என்பது தெளிவாகக் கேட்கும்.

'ஸ்லான்டட்' பதிவு தொடங்கியது 1990 டிசம்பர் கடைசியில், மறுபடி அதே கேரி யங் ஸ்டுடியோவில். கடைக்கு வந்தது 1992 ஏப்ரலில், மேட்டடார் லேபிளில். இடைப்பட்ட காலத்தில் கேசட் பிரதிகள் கைமாறி, தட்டு வருவதற்கு முன்பே பத்திரிகைகளில் பேச்சாகிவிட்டது. அதே 1992இல் வந்த 'வாட்டரி, டொமஸ்டிக்' இ.பி.யைத் தவறவிடாதீர்கள். நாலே பாட்டு. ஸ்லான்டட்டின் கரடுமுரடும் அடுத்த ஆல்பத்தின் தெளிவும் சரியாகச் சந்திக்கும் இடம் அது. என் கணக்கில் அவர்களுடைய மிகச் சிறந்த பதிவும் அதுவே. அஞ்சு பாட்டு இ.பி. போடுகிறவர்கள் ஆல்பத்தைவிட இதைத்தான் மாதிரியாக வைக்க வேண்டும். 2002இல் வந்த 'லக்ஸ் அண்ட் ரெடக்ஸ்' என்ற இரட்டைப் பதிப்பில் ஸ்லான்டட், வாட்டரி, பிபிசி அறிவிப்பாளர் ஜான் பீலின் வானொலி நிகழ்ச்சிக்கு வாசித்தவை, 1992 லண்டன் பிரிக்ஸ்டன் கச்சேரி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஒரே பாட்டின் ஸ்டுடியோ வடிவத்தையும் கச்சேரி வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

கேரி யங் 1993இல் விலகினார் (2023இல் காலமானார்). அவர் இடத்தில் ஸ்டீவ் வெஸ்ட். பேஸுக்கு மார்க் இபோல்ட் ஏற்கெனவே வந்துவிட்டார். பாப் நாஸ்டனோவிச்சைச் சேர்த்ததே மேடையில் யங்கின் தாளம் தடுமாறினால் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடிக்கத்தான். யங் போன பிறகும் கூடுதல் தாளம், கத்தல் என்று அவர் தொடர்ந்தார்.

மற்றவை சுருக்கமாக. 'குரூக்கட் ரெய்ன், குரூக்கட் ரெய்ன்' (1994): நியூயார்க்கில் எடுத்தது, 'கட் யுவர் ஹேர்' இதில்தான், வானொலியில் ஓடிய பாட்டு. 'வாவி சாவி' (1995): மெம்ஃபிஸில் எடுத்தது, 18 பாட்டு, இரண்டு வினைலில் மூன்று பக்கம்தான் பாட்டு, நாலாவது பக்கம் வெறுமை. 'பிரைட்டன் தி கார்னர்ஸ்' (1997): வட கரோலைனாவில் மிட்ச் ஈஸ்டர் ஸ்டுடியோவில். 'டெரர் ட்வைலைட்' (1999): ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' எடுத்த நைஜல் காட்ரிச் தயாரிப்பு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டிய சத்தம் அதில் இல்லை. 1999 நவம்பரில் பிரிக்ஸ்டன் அகாடமி கச்சேரியோடு பிரிந்தார்கள். 2010இலும் பிறகு 2022இலும் திரும்ப மேடையேறினார்கள்.

ஒரு வேடிக்கை: இன்றைக்கு ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய பாட்டுகளில் அதிகம் பேர் கேட்பவற்றுள் ஒன்று 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்'. பிரைட்டன் பதிவின்போது எடுத்து, ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கி, 1999 இ.பி. ஒன்றில் ஓரமாகப் போட்ட பாட்டு. ஆகவே உங்கள் அஞ்சில் எது கழிக்க வேண்டிய பாட்டு என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

---

காரிமங்கலம்_கேசட் எழுதியது:

மேலே சொன்னது சரி. நாலு டிராக் கேசட்டிலேயே வாழ்ந்த பேண்ட் வேண்டுமென்றால் ஒஹாயோ மாநிலம் டேட்டன் ஊரின் கைடட் பை வாய்ஸஸைக் கேளுங்கள், 'பீ தவுசண்ட்' (1994). இரண்டையும் சேர்த்து 'லோ-ஃபை' என்று ஒரே பெட்டியில் போட்டது பத்திரிகைக்காரர்கள் வேலை.

மெஷின் வாங்குவது பற்றி: வேண்டாம். டாஸ்காம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ வகை மெஷின் சாதாரண கேசட்டில்தான் பதியும். ஆனால் டேப் ஓடும் வேகம் இரட்டிப்பு, வினாடிக்கு 9.5 செ.மீ. சாதாரண டெக்கில் 4.76. அத்தோடு ஏ, பி இரண்டு பக்கத்துக்கும் உரிய தடங்களை ஒரே திசையில் பயன்படுத்திவிடும். அதனால் சி60 கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். அப்படிப் பதிந்ததை வீட்டு டெக்கில் போட்டால் இரண்டு தடம் பாதி வேகத்தில் ஓடும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னாலிருந்து முன்னாக ஓடும். நாலு தடத்தையும் கணினிக்கு ஏற்ற அந்த மெஷினே வேண்டும்.

இன்றைக்குக் கிடைக்கும் பழைய மெஷின்களில் முதலில் போவது ரப்பர் பெல்ட். இளகித் தார் போல ஒட்டிக்கொள்ளும். அடுத்தது பிஞ்ச் ரோலர். அது கெட்டியானால் வேகம் அலைந்து சுருதி ஆடும். ஹெட் தேய்ந்திருந்தால் மேல் அதிர்வெண் போய்விடும், அதற்கு வைத்தியம் இல்லை. டைப் 2 குரோம் கேசட்டும் இப்போது லேசில் கிடைக்காது. அந்தக் காசுக்கு நல்ல சிம்பல் ஒன்று வாங்கினால் பதிவில் பத்து மடங்கு வித்தியாசம் தெரியும்.

கேசட்டின் கட்டுப்பாடு மட்டும் வேண்டுமென்றால் அதை மென்பொருளிலேயே விதித்துக்கொள்ளலாம். மொத்தம் 8 டிராக்குக்கு மேல் திறக்கக் கூடாது என்று வையுங்கள். இரண்டாவது கிட்டார் சரியில்லை என்றால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது. ஒவ்வொரு பாட்டுக்கும் 30 டிராக் வைத்துக்கொண்டு மிக்ஸில் தீர்மானிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் இ.பி. வெளியே வராது.

---

ஓசூர்_மிக்ஸர் எழுதியது:

தம்பி, உங்களிடம் இருக்கும் சாமானே போதும். தொல்லை அறையில்தான்.

12க்கு 12 சதுரம். 12 அடி என்பது 3.66 மீட்டர். ஒலி வேகம் 343ஐ அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ் வரும். நீளமும் அகலமும் ஒன்று என்பதால் அந்த 47 இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வீங்கும். உயரம் 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரில் தாழ்ந்த எஃப் ஷார்ப் 46, ஏ 55. ஆக அந்த இரண்டு சுரமும் அறையை அதிரவைக்கும், பக்கத்துச் சுரங்கள் காணாமல் போகும். பேஸ் வாசிப்பவர் ஒழுங்காக வாசிக்கவில்லை என்று சண்டை வரும், தப்பு அவர் மேல் இருக்காது. அதனால் பேஸுக்கு ஆம்ப்பும் மைக்கும் வேண்டாம், நேராக இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் செருகுங்கள். பேவ்மென்டின் முதல் பதிவுகளில் அடித்தளம் மெலிசு என்பதையும் நினைவில் வைத்தால், இதில் இழப்பு ஒன்றும் இல்லை.

கிரானைட் தரையும் பூசிய சுவரும் கைதட்டினால் 'டிர்ர்ர்' என்று பதில் சொல்லும். முட்டை அட்டை ஒட்டாதீர்கள். உச்ச அதிர்வெண்ணைக் கொஞ்சம் தடுக்குமே தவிர வேறு பயன் இல்லை, தீப்பிடிக்கவும் செய்யும். இலவம் பஞ்சு மெத்தை அல்லது பருத்தி மெத்தை, குறைந்தது 10 செ.மீ. தடிமன், நாலு போதும். சுவரோடு ஒட்டாமல் 10 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அந்த இடைவெளிதான் மெத்தையின் வேலையை இன்னும் தாழ்ந்த சுரங்கள் வரை இறக்கும். இரண்டை இரண்டு மூலையில் குறுக்காக, ஒன்றை டிரம்ஸ்காரர் முதுகுக்குப் பின்னால், ஒன்றை எதிர்ச் சுவரில். தரைக்குப் பழைய ஜமுக்காளம் இரண்டு மடிப்பு. 47 ஹெர்ட்ஸ் வீக்கம் இதற்கெல்லாம் அடங்காது. அதை அடக்க முயல வேண்டாம், தவிர்த்தால் போதும்.

டிரம்ஸை அறையின் நட்ட நடுவில் போடாதீர்கள். அங்கே அந்தத் தாழ்ந்த அதிர்வு சுழியாகிவிடும், கிக் காற்றுப் போன பந்து மாதிரி கேட்கும். ஒரு சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள், அதாவது சுமார் 4 அடி.

நாலு இன்புட்டில் மூன்றை டிரம்ஸுக்கும் ஒன்றை கிட்டாருக்கும் கொடுங்கள். ஸ்நேருக்கு (அடித்தோலில் கம்பி வைத்த சிறு டிரம்முக்கு) தனி மைக் வேண்டாம். கிளின் ஜான்ஸ் முறை என்று சொல்வார்கள்: ஒரு கன்டென்சர் ஸ்நேருக்கு நேர் மேலே சுமார் 1 மீட்டர் உயரத்தில், இன்னொன்று ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டிரம்) பக்கவாட்டில், டாமின் விளிம்புக்குச் சற்று மேலே, ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலை) பார்த்து. இரண்டும் ஸ்நேர் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் எடுத்து ஒரு முனையை ஸ்நேர் நடுவில் பிடித்து அளந்துவிடுங்கள், கண் அளவு ஆகாது. 34 செ.மீ. வித்தியாசம் வந்தால் ஒலி ஒரு மில்லி செகண்ட் பிந்தும், இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸில் குழி விழும். 17 செ.மீ. வித்தியாசம் என்றால் குழி 1,000இல். 'ஸ்நேர் டப்பா மாதிரி இருக்கிறது' என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

கிக் மைக்கை முன் தோலின் துளைக்குள் 5 முதல் 8 செ.மீ. உள்ளே விடுங்கள். உள்ளே ஒரு போர்வை, அடிக்கும் தோலைத் தொட்டும் தொடாமலும். பதிவுக்கு முன் கிக்கின் போலாரிட்டியை (அலையின் ஏற்ற இறக்கத்தை) ஒருமுறை திருப்பிப் பார்த்து, அந்த இரண்டு கன்டென்சரோடு சேரும்போது எந்தப் பக்கம் அடிச்சத்தம் கனக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன அறையில் சிம்பல் எல்லாவற்றையும் தின்றுவிடும். டிரம்ஸ்காரர் ஸ்நேரை ஓங்கியும் சிம்பலைத் தடவியும் வாசிக்கப் பழக வேண்டும். மிக்ஸில் இதைச் சரிசெய்ய வழியே இல்லை, ஏனென்றால் ஸ்நேரும் சிம்பலும் அதே இரண்டு மைக்கில்தான் இருக்கின்றன.

கிட்டார் ஆம்ப்பை மாடிப்படி அறைக்கு அனுப்பிவிடுங்கள். வாசிப்பவர் டிரம்ஸ் அறையிலேயே ஹெட்போனோடு நிற்கட்டும், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். கதவுக்கு அடியில் போகும் கிட்டார் கேபிள் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளம் கூடக்கூட கேபிளின் கெபாசிட்டன்ஸ் மேல் சுரங்களை உறிஞ்சிவிடும். மைக் கேபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை, 15 மீட்டர் போனாலும் பரவாயில்லை. எஸ்எம்57ஐ ஆம்ப் வலைத்துணியிலிருந்து 2 செ.மீ.யில், ஸ்பீக்கர் நடுக் குமிழும் கூம்பும் சேரும் இடத்தைப் பார்த்து வையுங்கள். கூர்மை அதிகமென்றால் ஓரமாக 2 செ.மீ. நகர்த்துங்கள். ஈக்யூவை (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) தொடுவதற்கு முன் மைக்கைத்தான் நகர்த்த வேண்டும். டிஸ்டார்ஷன் மேடையில் வைப்பதில் பாதி போதும். இரண்டு கிட்டார் சேரும்போது தானே கூடிவிடும்.

மால்க்மஸ் மாற்று ட்யூனிங்குகள் நிறையப் பயன்படுத்தியவர். நீங்களும் தாழ்ந்த ஈ கம்பியை டி, சி வரை இறக்குவதாக இருந்தால் மெலிசான 9 செட் கம்பி தொளதொளத்துப் போகும், அழுத்தி மீட்டினால் சுருதி மேலே ஏறி இறங்கும். தடித்த 10–52 செட் போடுங்கள். போட்டு ஒரு நாள் விட்டுப் பதியுங்கள்.

மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 10 டிபிக்குள் நிற்கட்டும். சிவப்பு விளக்கைத் தொட்டால்தான் கெத்து என்பது டேப் காலத்துப் பழக்கம், டிஜிட்டலில் அது வெறும் உடைசல். ஹெட்போனுக்கு இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரைப் போட்டுக்கொண்டால் தாமதம் தெரியாது. ஹெட்போன் துளை ஒன்றுதான் இருக்கும், ஆகவே நாலு வழி ஹெட்போன் ஆம்ப் ஒன்று வேண்டும். புதிதாக வாங்க வேண்டியது அது மட்டும்தான்.

வரிசை: டிரம்ஸும் முதல் கிட்டாரும் ஒன்றாக நேரடி வாசிப்பு. ஒரு பாட்டுக்கு மூன்று முழு டேக் (தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வாசிப்பு). மூன்றிலும் உட்காரவில்லை என்றால் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். பிறகு பேஸ், இரண்டாவது கிட்டார், கடைசியாகக் குரல். கிளிக் (ஹெட்போனில் தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) போட வேண்டுமா என்று கேட்டால், இந்த வகைப் பாட்டுக்கு வேண்டாம் என்பேன். வேகம் ஏறுவதும் இறங்குவதும் இதில் இருக்க வேண்டியவை. டிரம்ஸைக் கட்டத்துக்குள் வெட்டி ஒட்டி நேராக்கினீர்களானால் ஸ்லான்டட் கேட்டு வந்த காரணமே போய்விடும். ஆனால் சுருதி பிசகக் கூடாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனர், விதிவிலக்கே இல்லை. ஆடும் தாளம் கேட்பவருக்குச் சுகம், ஆடும் சுருதி தலைவலி.

குரலுக்கு எஸ்எம்57 போதும், காற்றுத் தடுப்பு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மெத்தையைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். அந்த மைக் தன் முன்பக்கத்தைத்தானே கேட்கிறது? பாடுபவருக்குப் பின்னாலிருந்து திரும்பி வரும் எதிரொலிதான் அதற்குள் நுழையும்.

---

இண்டூர்_எர்த் எழுதியது:

கரண்ட் பக்கம் யாரும் சொல்லாததால் சொல்கிறேன். நம்ம பக்கத்துப் பாறை மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். பதிவுக்கு முந்தின நாளே குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். எலக்ட்ரீஷியனை விட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு எங்கேயோ தளர்ந்திருக்கிறது, இல்லையேல் எர்த் சரியில்லை.

ஆம்ப், இன்டர்ஃபேஸ், லேப்டாப் மூன்றும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து ஒரே நீட்டிப்புப் பெட்டியில் வர வேண்டும். மாடிப்படி அறையில் வேறு பிளக்கில் ஆம்ப்பைச் செருகினால் கிரவுண்ட் லூப், 50 ஹெர்ட்ஸ் ஹம் நிச்சயம். சத்தம் போவதற்காக எர்த் முள்ளை உடைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஒரு கை கிட்டார் கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது உயிர் போகும்.

ஹம் வேறு, பஸ் (buzz) வேறு. தாழ்ந்த 'ம்ம்ம்' என்றால் எர்த், லூப். 'ட்ஸ்ஸ்' என்று கூர்மையாக வந்தால் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மட்டமான எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர் இவற்றில் ஒன்று. ரெகுலேட்டரை அணையுங்கள், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப் (ஒற்றைச் சுருள் வைத்தது) என்றால் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் சத்தம் அடங்கும். அங்கேயே நின்று வாசிக்க வேண்டியதுதான்.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறி விடாப்பிடியாகப் பதிய நினைக்காதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ஆம்ப் முழுக்க இரைச்சல் வரும். ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருந்தால் மட்டும் சரி. சுற்றிலும் பம்ப் செட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். வால்வ் ஆம்ப்பாக இருந்தால் அதன் குணமே மாறும், முதல் டேக்கும் மூன்றாவது டேக்கும் வேறு ஆம்ப் மாதிரி கேட்கும். நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

---

பாலக்கோடு_ட்வாங் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 'வெஸ்டிங்', 'வாட்டரி' இரண்டையும் கேட்க ஆரம்பித்துவிட்டோம். கேள்வி இரண்டு பாக்கி. கிட்டார் பக்கத்து அறையில் இருந்தாலும் சில சுரங்களுக்கு மட்டும் ஸ்நேர் கம்பி 'ஜிர்ர்' என்று கூடவே அதிர்கிறது, என்ன செய்ய? வெளியிடுவதில் 7 அங்குல வினைல் ஆசை இருக்கிறது, நம் அளவுக்கு ஆகுமா?

---

மூணாவது_சைடு எழுதியது:

வினைல் ஆசையை இந்த இ.பி.க்கு ஒத்திவையுங்கள். 7 அங்குலத்தில் 45 வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 4, 5 நிமிடம்தான் நன்றாக நிற்கும். 33இல் வெட்டினால் 6, 7 வரை போகலாம், ஆனால் சத்தம் தாழும், உள்வட்டத்தில் கூர்மை மங்கும். உங்கள் அஞ்சு பாட்டு மொத்தம் 13 நிமிடத்துக்குள் அடங்கினால் மட்டுமே அது பேச்சுக்குரிய விஷயம். உள்வட்டத்தில் கூர்மை மங்குவதால்தான் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டாக மெதுவானதை வைக்கிறார்கள்.

டிஜிட்டலில் போடும்போது கவனிக்க வேண்டியவை வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடு உண்டு. விநியோகிப்பவரே கொடுத்துவிடுவார், ஆனால் அதைக் குறித்து வையுங்கள். நாளைக்கு விநியோகிப்பவரை மாற்றினால் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்டுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்பு பாட்டு ஏறியிருக்க வேண்டும், நீங்கள் 4 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்செல். பேண்ட் பெயரை முடிவு செய்யும் முன் அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாட்டு எங்கோ பிரேசில்காரர் பக்கத்தில் போய் உட்காரும். தமிழில் ஒரு பாட்டின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் கொடுங்கள்.

பாட்டை நேராக விற்க பேண்ட்கேம்ப் இணையதளம் நல்ல இடம், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பணம் பேபால் வழியாக வரும், பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது சரி, உள்ளூர் ஆட்களுக்கு யுபிஐயில் வாங்கிக்கொண்டு டவுன்லோட் குறியீடு அனுப்புங்கள்.

---

ஓசூர்_மிக்ஸர் எழுதியது:

ஸ்நேர் ஜிர்ருக்கு: ஸ்நேரின் கீழ்த் தோல் எந்தச் சுரத்துக்குச் சுருதி சேர்ந்திருக்கிறதோ அந்தச் சுரம் ஆம்ப்பில் வந்தால் கம்பி அதிரும். எந்தச் சுரத்துக்கு அதிகம் அதிர்கிறது என்று கிட்டாரில் ஒவ்வொன்றாக வாசித்துக் கண்டுபிடியுங்கள். பிறகு கம்பிக்கு இரு பக்கமும் இருக்கும் நாலு திருகுகளை மட்டும் கால் சுற்று தளர்த்துங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம். குறையவில்லை என்றால் டாம்களைத் தட்டிப் பாருங்கள். பல சமயம் கிட்டாரை விட ராக் டாம்தான் (மேலே மாட்டிய சிறு டாம்) ஸ்நேரைத் தூண்டும், அதன் சுருதியை அரைச் சுரம் மாற்றினால் போதும். ஆம்ப்பின் முகத்தைக் கதவைப் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் திருப்பி, அடியில் ஒரு மடித்த சாக்கு வையுங்கள். தரை வழியாக வரும் அதிர்வு அதில் குறையும். இவ்வளவுக்குப் பிறகும் பாட்டு தொடங்குமுன் நிசப்தத்தில் கொஞ்சம் ஜிர் மிஞ்சினால் விட்டுவிடுங்கள், அதை கேட் (தாழ்ந்த சத்தத்தை அடைத்துவிடும் கருவி) போட்டு அறுக்க வேண்டாம். அறுத்தால் ஒவ்வொரு அடிக்கும் அறையின் சத்தம் திறந்து மூடும், அது ஜிர்ரை விட மோசம்.

மிக்ஸ் முடிந்ததும் இரண்டு கிட்டாரையும் முழு இடது, முழு வலது என்று தள்ளி, பிறகு மோனோவில் ஒருமுறை கேளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் ஒரு கிட்டார் மறைந்தால் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே கார்டைப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஒருவர் கேபோ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு மேலே வாசித்தால் தீரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டார்களில் இருப்பதை வெட்டிவிடுங்கள், பேஸுக்கும் கிக்குக்கும் இடம் கிடைக்கும். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) இறக்கிவிடும். உச்சம் மைனஸ் 1 டிபியைத் தாண்டாமல் இருக்கட்டும். ஸ்லான்டட்டோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள், இல்லையேல் சத்தம் கூடியது எதுவோ அதுவே நல்லதாகக் கேட்கும்.